என்னோட கலர் டப்பாவுல இல்லப்பா!

குற்றாலத்துக்குப் போய்க் குளிக்காமல் திரும்பியவர்கள் சங்கம் என்று யாராவது ஆரம்பித்தால், அதற்குத் தலைவராகும் தகுதி எனக்கு உண்டு.

2025 மே கடைசி வாரம். அந்த வருஷம் தென்மேற்குப் பருவமழை அவசரக்குடுக்கையாக மே 24-ம் தேதியே கேரளத்தில் கால் வைத்துவிட்டது. "ஏலே, சாரல் அடிக்கு. புள்ளையைக் கூட்டிக்கிட்டு வா. பள்ளிக்கூடம் திறக்கதுக்குள்ள நாலு நாள் குளிச்சிட்டுப் போலாம்" என்று தென்காசியிலிருந்து அக்கா போன் பண்ணினாள். மனைவிக்கு ஆபீஸில் லீவு கிடைக்கவில்லை. ஆறு வயது மகளையும் அரை டஜன் டவலையும் எடுத்துக்கொண்டு பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டேன்.

காலையில் தென்காசியில் இறங்கினால், மலையைக் காணோம். எல்லாம் மேகம். கோபுரமே இடுப்புக்கு மேல் முக்காடு போட்டிருந்தது. "ஆஹா, செம சீசன்!" என்று நான் துள்ளியபோது ஆட்டோக்காரர் மெதுவாகக் குண்டைப் போட்டார்.

"அருவியில வெள்ளம் சார். தண்ணி தாறுமாறா விழுது. எல்லா அருவிலயும் குளிக்கத் தடை."

"எல்லா அருவியிலுமா? ஐந்தருவி?"

"அஞ்சும் ஒண்ணாயிட்டு சார்."

முதல் நாள் பார்டர் பரோட்டாவில் போயிற்று. இரண்டாம் நாள் வீட்டுக்குள்ளேயே பார்டர் தகராறு. அக்கா மகனுக்கு ஒன்பது வயது, அக்கா மகளுக்கு நாலு, மாடியில் குடியிருப்பவர்களின் பையனுக்கு ஏழு, அப்புறம் என் மகள். வெளியே கொட்டும் மழை, உள்ளே நாலு பிள்ளைகள், ஒரு டி.வி. ரிமோட். மதியம் இரண்டு மணிக்கு அந்த ரிமோட் ஆச்சியின் (அக்காவின் மாமியார்) தலைக்கு மேலாகப் பறந்தது.

"நீ பத்திரிகையில எழுதுறவன்தான? இதுகளுக்கு ஒரு வேலை குடு. இல்லன்னா நாலையும் கூட்டிக்கிட்டு இப்பவே அருவிக்குப் போ. போலீசு பிடிச்சாலும் பரவால்ல" என்றாள் அக்கா.

என்ன வேலை கொடுப்பது? படம் வரையச் சொல்லலாம் என்று தோன்றியது. நான் பி.காம். வாழ்க்கையில் நான் போட்ட ஒரே டிராயிங் பாலன்ஸ் ஷீட்தான். அதிலும் இரண்டு பக்கமும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. அதனால் சொல்லிக்கொடுக்கும் அபாயம் என்னிடம் இல்லை. (அது எவ்வளவு பெரிய தகுதி என்று பிறகுதான் தெரிந்தது.)

பரணில் அத்தானின் பேரேடுகள் கிடந்தன. அரிசி மண்டிக்காரர். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்த கையோடு கணக்கெல்லாம் கம்ப்யூட்டருக்குப் போய்விட, சிவப்புத் துணி அட்டை போட்ட நாலைந்து புதுப் பேரேடுகள் ஒரு வரிகூட எழுதப்படாமல் ரிட்டயர் ஆகியிருந்தன. காமர்ஸ் படித்தவன் பேரேட்டைக் கிழிப்பதும் பூசாரி உண்டியலை உடைப்பதும் ஒன்றுதான். இருந்தாலும் கிழித்தேன். கெட்டியான, பெரிய தாள். இந்தப் பக்கம் பற்று, அந்தப் பக்கம் வரவு. ஆச்சியின் மரச்சட்டக் கண்ணாடியைச் சுவரிலிருந்து கழற்றி, பிள்ளைகளின் முகம் தெரியும் உயரத்தில் தரையில் சாய்த்து வைத்தேன். மாடிப் பையன் தன் க்ரேயான் டப்பாவைக் கொண்டு வந்தான்.

"தலைப்பு 'நான்'. கண்ணாடியப் பாத்து அவங்கவங்க மூஞ்சிய அவங்கவங்க வரையணும். ரப்பர் கிடையாது. அடுத்தவங்க படத்தப் பாத்துச் சிரிக்கக் கூடாது."

முதலில் முடித்தது நாலு வயசு. ஒரு வட்டம். அதற்குள் இரண்டு புள்ளி. வட்டத்தின் அடியிலிருந்து நேராக இரண்டு கால். தீர்ந்தது.

"வயிறு எங்கட்டி?" என்றேன்.

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "உள்ள இருக்கு மாமா. சட்டை போட்டிருக்கேம்லா?"

கேலியாக நினைக்காதீர்கள். உலகம் முழுவதும் மூன்று, நாலு வயதுப் பிள்ளைகள் மனிதனை முதன்முதலில் இப்படித்தான் வரைகிறார்கள். தலையிலிருந்தே கால் முளைக்கும். வெளிநாட்டு ஆராய்ச்சிக்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயரே தலைப்பிரட்டை! குழந்தைகளின் கிறுக்கலை ஒரு பெரிய மனிதர் மதித்துப் பார்த்ததும் மழையினால்தான். இத்தாலியில் பொலோன்யா நகரம், 1880-களின் தொடக்கம். கொர்ராடோ ரிச்சி என்ற கலை விமரிசகர் மழைக்கு ஒரு வளைவு மண்டபத்தில் ஒதுங்கினார். சுவரில் கொஞ்சம் உயரத்தில் பெரியவர்கள் எழுதிய ஆபாசங்கள். அதற்குக் கீழே, குழந்தைகளின் கை எட்டும் உயரத்தில், குழந்தைகள் கிறுக்கிய மனிதர்கள். நின்று பார்த்தவர், 1887-ல் 'குழந்தைகளின் கலை' என்று ஒரு புத்தகமே போட்டுவிட்டார். நம்மூரில் மழைக்கு ஒதுங்கினால் பஜ்ஜிக் கடைதான் கண்ணில் படுகிறது.

அடுத்து மாடிப் பையன். முன்பல் இரண்டும் போன வாரம்தான் விழுந்திருந்தன. அவன் படத்தில் முகத்தில் பாதி வாய், வாயில் பாதி ஓட்டை. அதைவிட விசேஷம், வயிற்றுக்குள் இரண்டு வட்டம்.

"இது என்னல?"

"காலைல தின்ன இட்லி."

கண்ணாடியில் இட்லி தெரியுமா என்று கேட்கக் கூடாது. பிரெஞ்சுக்காரர் லூக்கே என்பவர் தன் மகள் வரைந்ததையெல்லாம் சேர்த்து வைத்து 1913-ல் புத்தகமாகப் போட்டார். அவர் சொன்னதைத் தமிழில் சொன்னால் சிலேடையாகவே வருகிறது. குழந்தை கண்ணுக்குத் தெரிவதை வரைவதில்லை. தனக்குத் தெரிந்ததை வரைகிறது! இட்லி உள்ளே இருப்பது அவனுக்குத் தெரியும், போட்டுவிட்டான்.

ஒன்பது வயசுதான் பாவம். மூன்று தாளைக் கசக்கிப் போட்டுவிட்டான். "மூக்கு வரமாட்டக்கு மாமா." எட்டு, ஒன்பது வயதில் இந்தக் கஷ்டம் ஆரம்பிக்கிறது. அதுவரை வரைந்ததெல்லாம் அழகு. திடீரென்று ஒருநாள் 'என்னை மாதிரி இல்லையே' என்று தோன்றிவிடுகிறது. பெரும்பாலானவர்கள் பென்சிலைக் கீழே வைப்பது அந்த வயதில்தான். பையன் நாலாவது தாளில் எப்படியோ ஒரு முகத்தைக் கொண்டுவந்தபோது, சாப்பிட வந்த அத்தான் குனிந்து பார்த்தார். "மூக்கு இப்படியால இருக்கும்? குடு இங்ஙன" என்று பேனாவை எடுத்து, மகன் முகத்தின் நடுவில் அழகாக ஓர் '6' போட்டுவிட்டுக் கை கழுவப் போனார். பையன் தாளைத் திருப்பிப் போட்டுவிட்டு எழுந்து போனான். அன்று அப்புறம் அவன் வரையவில்லை.

கடைசியில் என் மகள். கண்ணாடிக்கு முன்னால் சம்மணமிட்டு முக்கால் மணி நேரம். கண், இமை, கம்மல், இடது புருவத்தின் மேலிருக்கும் தழும்பு (இரண்டு வயதில் கட்டில் முனை) எல்லாம் இருந்தது. ஆனால் முகத்துக்கு அவள் பூசியிருந்தது, வெளிறிய பீச் பழக் கலர். முகம், கழுத்து, கை எல்லாம் பளபளவென்று அதே கலர். என் மகள் நல்ல கறுப்பு. என்னைப் போல.

"எட்டி, இது நீயா? நீ இந்தக் கலரா?" என்று ஒன்பது வயசு சிரித்துவிட்டான். என் சட்டம் அதோடு சரி. மற்ற இரண்டும் சேர்ந்து சிரித்தன. மகள் ஒன்றும் சொல்லவில்லை. க்ரேயானை என்னிடம் நீட்டினாள். அதன் மேல் சுற்றியிருந்த தாளில் ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது: 'ஸ்கின்'. தோல்!

முதல் வகுப்பு முடித்த குழந்தை எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறாள். தோல் வரைய வேண்டும், தோல் என்று போட்டிருக்கிறது, பூசினாள். தப்பு யார் மேல்?

ராத்திரி படுக்கும்போது கேட்டாள். "அப்பா, என்னோட கலர் டப்பாவுல இல்லப்பா. எனக்கு எப்ப இந்தக் கலர் வரும்?"

"எதுக்குடா வரணும்?"

அப்போதுதான் சொன்னாள். பள்ளிக்கூட ஆண்டு விழா டான்ஸில் தேவதைகள் ஆறு பேர், மேகங்கள் நாலு பேர். மகள் மேகம். நானும் முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டி, செல்போனில் படம் பிடித்து, 'எங்கள் வீட்டுக் கார்மேகம்' என்று போட்டு, எழுபது லைக் வாங்கியிருந்தேன். மேகங்களை எப்படிப் பிரித்தார்கள் என்பது எனக்கு அன்று ராத்திரிதான் தெரியும்.

"வெள்ளையா இருக்கிறவங்க தேவதை. கறுப்பா இருக்கிறவங்க மேகம்னு மிஸ் சொன்னாங்கப்பா."

பக்கத்தில் படுத்திருந்த ஆச்சி தூங்கவில்லை போலிருக்கிறது. "மேகம் இல்லாம மழ எங்ஙன இருந்து தாயி வரும்? மேகந்தான் ஒசத்தி" என்றாள். நான் அந்த வசனத்தை மனசுக்குள் குறித்துக்கொண்டேன், எழுதுகிறவன் புத்தி. மகள் புரண்டு படுத்துச் சொன்னாள்: "அதெல்லாம் சும்மா ஆச்சி."

சும்மாதான். சமாதானம் சொல்கிறார்கள் என்பது ஆறு வயசுக்கு நன்றாகத் தெரிகிறது.

எனக்குத் தூக்கம் போயிற்று. அந்த மிஸ்ஸைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. நான் பத்திரிகையில் எழுதிய முதல் ஜோக் என்ன தெரியுமா? கறுப்பான பெண், பெண் பார்க்கும் படலம், கரண்ட் கட். மீதியை நீங்களே ஊகிப்பீர்கள். அந்த மாதிரி ஆயிரம் படித்திருப்பீர்கள். நூற்றைம்பது ரூபாய் மணியார்டர் வந்தது. அந்தப் பணத்தில் நண்பர்களுக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். அப்புறம் எனக்குப் பெண் பார்த்தபோது அம்மா கொடுத்த வரி விளம்பரத்தில் 'மாநிறம்' என்று போட்டதை நான் திருத்தவும் இல்லை. இந்தக் கணக்கையெல்லாம் எந்தப் பேரேட்டில் எழுதுவது?

இது எங்கள் வீட்டு விஷயம் மட்டுமில்லை. 1940-களில் அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்று கறுப்பினத்தைச் சேர்ந்த கணவன் மனைவி, இருவரும் உளவியல் நிபுணர்கள். கறுப்பு பொம்மை, வெள்ளை பொம்மை இரண்டையும் குழந்தைகளிடம் காட்டி 'எது நல்ல பொம்மை?' என்று அவர்கள் கேட்ட சோதனை பிரசித்தம். அது 1954-ல், பள்ளிகளில் பிள்ளைகளை இனவாரியாகப் பிரித்து வைப்பது செல்லாது என்று அமெரிக்க சுப்ரீம் கோர்ட் சொன்ன தீர்ப்பு வரை போயிற்று. அவர்கள் இன்னொரு சோதனையும் செய்தார்கள். அதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. கோட்டுப்படமாக ஒரு குழந்தையை வரைந்து கொடுத்து, 'உன் கலரில் இதற்குக் கலர் அடி' என்றார்கள். கறுப்புக் குழந்தைகள் சிலர் இலைக்குப் பச்சை, ஆரஞ்சுப் பழத்துக்கு ஆரஞ்சு என்றெல்லாம் கரெக்டாக அடித்துவிட்டு, தங்களுக்கு மட்டும் வெள்ளை அடித்துக்கொண்டார்கள். படித்தபோது ஏதோ தூர தேசத்துச் செய்தியாக இருந்தது. அன்றைக்குத் தென்காசியில், அரிசி மண்டிப் பேரேட்டில் அது என் கையில் இருந்தது.

டப்பாவின் கதை இன்னும் வேடிக்கை. அமெரிக்காவின் கிரேயோலா கம்பெனி 'ஃப்ளெஷ்' (சதை) என்று பெயர் போட்டு விற்ற கலரை, 1962-லேயே 'பீச்' என்று மாற்றிவிட்டது. 2020-ல் மனிதத் தோலின் நிறங்கள் என்று இருபத்து நாலு குச்சிகள் கொண்ட தனி டப்பாவே போட்டது. அதே 2020-ல்தான் நம் நாட்டில் ஃபேர் அண்ட் லவ்லி 'க்ளோ அண்ட் லவ்லி' ஆனது. பெயர் மாறிற்று. கடைக்காரரிடம் இன்றைக்கும் பழைய பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள், அவரும் எடுத்துத்தான் கொடுக்கிறார்.

மூன்றாம் நாள் மழை கொஞ்சம் விட்டது. குளிக்கத்தான் முடியாது, பார்க்கவாவது பார்க்கலாம் என்று நாலு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு குற்றாலம் போனோம். ஐந்து கிலோமீட்டர்தானே. பேரருவி அன்று வெள்ளையாக இல்லை. மலையையே கரைத்துக்கொண்டு செக்கச் செவேலென்று இடித்தது. "டீ மாதிரி விழுது மாமா" என்றது பொக்கை வாய். தூரத்தில் நின்றே சாரலில் நனைந்துவிட்டு, குற்றாலநாதரைக் கும்பிட்டோம். அகத்தியர் பெருமாளின் தலையில் கை வைத்து அழுத்தி, சிவலிங்கமாகக் குறுக்கினார் என்பது ஸ்தல புராணம். அந்த அழுத்தத்தில் வந்த தலைவலிக்குத்தான் சுவாமிக்கு மூலிகைத் தைலம் சாத்துகிறார்கள் என்பதும் அதன் தொடர்ச்சி. இதை அத்தானிடம் சொல்லி, "நேத்து உங்க மகன் மூக்குல நீங்க ஆறு போட்டீங்களே அத்தான், அதுக்கும் தைலம் வேணும்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் மகனைத் திரும்பிப் பார்த்தார்.

அங்கிருந்து சித்திர சபைக்கு நடந்தோம். சீசனுக்குக் குற்றாலம் வருகிறவர்களில் எத்தனை பேர் அங்கே போகிறார்கள் என்று எனக்குச் சந்தேகம். நானே அதுவரை போனதில்லை. அருவி, எண்ணெய்த் தேய்ப்பு, மங்குஸ்தான், திரும்ப அருவி. இதுதானே நம் சர்க்யூட்! கோயிலிலிருந்து கொஞ்சம் தள்ளி, எதிரே தெப்பக்குளத்தோடு அமைதியாக நிற்கிறது. நடராஜர் ஆடிய ஐந்து சபைகளில் ஒன்று. சிதம்பரம் பொன் சபை, மதுரை வெள்ளி சபை, திருநெல்வேலி தாமிர சபை, திருவாலங்காடு ரத்தின சபை. இந்த நாலையும் கேட்டால் வட்டிக் கடைக்காரர் காது நிமிரும். ஐந்தாவதான குற்றாலத்தில் பொன்னும் இல்லை, பொருளும் இல்லை. சுவர்தான். சுவரில் சித்திரம். இங்கே நடராஜரே ஓவியமாகத்தான் இருக்கிறார். அந்த ஓவியத்துக்குத்தான் பூஜை. மார்கழித் திருவாதிரைக்குத் தாண்டவ தீபாராதனை காட்டுவதும் இங்கேதான்.

உள்ளே நாலு பக்கமும் சுவர் கொள்ளாமல் படங்கள். நாலு பிள்ளைகளும் முதல்முறையாக வாயை மூடினார்கள்.

"சாமி எங்கப்பா?" என்றாள் மகள்.

"இதான். படம்."

"படம் வரைஞ்சா சாமி ஆயிடுமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "இங்க ஆயிடும்" என்றேன்.

ஒன்பது வயசுக்கு வேறு சந்தேகம். "அந்தக் காலத்துல க்ரேயான் ஏது மாமா? இவ்வளவு கலரு எந்தக் கடையில வாங்குனாவ?" வாங்கவில்லை, காலடியிலிருந்து எடுத்தார்கள் என்றேன். இதெல்லாம் மூலிகை வண்ணம் என்பார்கள். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்துச் சுவர்ச் சித்திரக்காரர்கள் செம்மண் கல்லை அரைத்துச் சிவப்பும் மஞ்சளும், விளக்குப் புகையைப் பிடித்துக் கறுப்பும், சுண்ணாம்பில் வெள்ளையும் எடுத்து, வேப்பம்பிசின் சேர்த்துச் சுவரில் ஏற்றினார்கள். அவர்கள் ஊர்ச் சித்திரத்தில் கிருஷ்ணனுக்கு உடம்பு பச்சை. சாமிக்கு 'ஸ்கின்' கலர் அடிக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் டப்பா கொடுக்கவில்லை.

"அப்ப நாமளும் கலர் செய்யலாமா?" கேட்டது மகள்.

செய்யலாமே!

வீட்டுக்கு வந்ததும் அக்காவின் அடுக்களை சூறை. மஞ்சள் தூள். காப்பித் தூளில் கெட்டி டிகாக்ஷன். கொல்லையில் கிடந்த செங்கல்லை இடித்துத் துணியில் சலித்த பொடி. அடுப்புக்கரி. கொஞ்சம் மைதா. எல்லாவற்றையும் தாளில் பிடிக்க வைக்கக் கோந்து. ஆச்சி தன் வெற்றிலைப் பெட்டியோடு வந்து உட்கார்ந்தாள். மஞ்சள் தண்ணீரில் துளி சுண்ணாம்பைக் குழைத்தாளோ இல்லையோ, குபீரென்று ரத்தச் சிவப்பு! "ஆரத்தி!" என்று கத்தினார்கள் பிள்ளைகள். (சுண்ணாம்பைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். கண்ணில் பட்டால் வினை. ஆச்சி அதை மட்டும் யாரையும் தொடவிடவில்லை.)

இப்போது வேலை முகம் வரைவதில்லை. அவரவர் கலரைக் கண்டுபிடிப்பது. கலந்த கலரை முன்னங்கையில் ஒரு பொட்டு வைத்துக் காயவிட வேண்டும். பொட்டு தோலோடு சேர்ந்து காணாமல் போனால், அதுதான் உன் கலர். காணாமல் போகாவிட்டால் திரும்பக் கல.

நம்ப மாட்டீர்கள், ஒன்றரை மணி நேரம் ஒரு சண்டை இல்லை. முதல் அதிர்ச்சி பொக்கை வாய்க்கு. அவன் நல்ல சிவப்பு. 'ஸ்கின்' குச்சி தனக்குத்தான் சொந்தம் என்று நினைத்திருந்தான். அதைக் கையில் தீட்டிப் பார்த்தால், வெள்ளைச் சுவரில் காவி அடித்த மாதிரி தனியாக நிற்கிறது. "எனக்கே சேரல!" என்றான் ஏமாற்றத்தோடு. அவனுக்கு நிறைய மஞ்சள், செங்கல் பொடி, ஒரு சொட்டு டிகாக்ஷன் தேவைப்பட்டது. ஆச்சியின் கையில் மட்டும் மூன்று கலர்: வெளிப்பக்கம் ஒன்று, உள்ளங்கை ஒன்று, நாற்பது வருஷமாகக் கழற்றாத வளையலுக்கு அடியில் இன்னொன்று. நாலு வயசு தன் கையில் கிண்ணத்தையே கவிழ்த்துக்கொண்டு, தன் கலர் 'எல்லாக் கலரும்' என்று அறிவித்தது.

மகள் அவசரப்படவில்லை. காப்பி டிகாக்ஷன் மட்டும் வைத்தாள், சேரவில்லை. மஞ்சள் கூட்டினாள். செங்கல் கூட்டினாள். கரியை விரல் நுனியில் தொட்டு, "ரொம்பப் போட்டா செத்துப்போன மாதிரி ஆயிடுதுப்பா" என்று அவளாகவே கண்டுபிடித்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் 'கறுப்பே அழகு' என்று ஏதாவது உளறியிருப்பேன். ஒன்பதாவது தடவையோ பத்தாவது தடவையோ, முன்னங்கையில் வைத்த பொட்டைத் தேடினாள். எங்கே வைத்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

"அப்பா! காணோம்ப்பா!"

சிரித்தாளா? இல்லை. ரொம்ப சீரியஸாக, பாக்கி கலரை யாரும் தொடக் கூடாது என்று கிண்ணத்தை மூடி வைத்தாள். பிறகு பேரேட்டில் புதுத் தாள் எடுத்துக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்தாள்.

ஒன்பது வயசையும் ஒரு வழியாக உட்கார வைத்தேன். மூக்கைப் பார்க்காதே, கண்ணை மூடிக்கொண்டு விரலால் முகத்தைத் தடவிப் பார், எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று அப்புறம் வரை என்றேன். எங்கோ படித்தது, பலித்தது. மூக்கு '6' மாதிரி இல்லை, கொஞ்சம் கத்தரிக்காய் மாதிரி இருந்தது. அது அவன் மூக்கேதான். அத்தான் வந்தார், பார்த்தார், பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, "நல்லாத்தாம்ல இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அரிசி மண்டியில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

கண்ணாடியைப் பார்த்து 'இது நான்' என்று மனிதக் குழந்தைக்குத் தெரிவதே ஒன்றரை, இரண்டு வயதில்தான். 1972-ல் பியூலா ஆம்ஸ்டர்டாம் என்ற அமெரிக்க அம்மையார் குழந்தைகளின் மூக்கில் சிவப்பு மை தடவிக் கண்ணாடி முன்னால் விட்டுப் பார்த்தார். கண்ணாடியைத் தொடாமல் தன் மூக்கைத் தொட்ட குழந்தைக்குத் தன்னைத் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் அந்த முகம் போதுமா போதாதா என்கிற சந்தேகம் எப்போது வருகிறது? இப்போதெல்லாம் செல்போனே சீக்கிரம் கொடுத்துவிடுகிறது. என் போனில் 'பியூட்டி' என்று ஒன்று, நான் கேட்காமலே ஆன் ஆகியிருந்தது. முன்பக்கக் கேமராவில் எடுத்தால் என்னையே அடையாளம் தெரியாத அளவுக்கு வெளுத்துக் கொடுக்கும். மகள் பிறந்ததிலிருந்து அதில்தான் தன்னைப் பார்த்து வளர்ந்திருக்கிறாள். ஆச்சியின் கண்ணாடியில் ரசம் போய்ப் புள்ளி விழுந்திருந்தாலும், அது பொய் சொல்லவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் படம் முடிந்தது. தழும்பு இருந்தது. கம்மல் இருந்தது. கலரும் இருந்தது. முதுகுக்குப் பின்னால் இரண்டு சிறகு, அதே கலரில்! நான் ஒன்றும் கேட்கவில்லை.

"அப்பா, நீங்களும் உங்களை வரைங்க."

"எனக்கு வரையத் தெரியாதுடா."

"தெரியாட்டி என்ன? ரப்பர் கிடையாது. யாரும் சிரிக்கக் கூடாது."

என் சட்டமே எனக்குத் திரும்பியது. உட்கார்ந்தேன். முப்பத்தைந்து வயதுக்கு ஏற்ற தலைப்பிரட்டை ஒன்று வந்தது. முடி வரைய அதிக நேரம் பிடிக்கவில்லை, காரணத்தைக் கேட்காதீர்கள். கிண்ணங்களில் மிச்சமிருந்த கலரைக் கலந்து, முகத்துக்குப் பூசினேன். மகள் பக்கத்தில் வந்து, என் கையைப் பிடித்துத் தாளின் மேல் வைத்தாள். கையைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். திரும்பக் கையைப் பார்த்தாள்.

"அப்பா... நீங்க இந்தக் கலர் இல்லையே?"

குனிந்து பார்த்தேன். மைதாவை அள்ளிப் போட்டிருக்கிறேன். எப்போது போட்டேன் என்று சத்தியமாக ஞாபகமில்லை.

"இன்னும் காப்பித் தூள் போடணும்ப்பா" என்று அவளே டப்பாவைக் கவிழ்த்தாள். அடுக்களையிலிருந்து அக்கா குரல்: "எட்டி, காலைல ஆச்சிக்குக் காப்பி போடத் தூள் மிச்சம் வைக்கியளா, இல்லையா?"

"ஆச்சிக்கு நாளைக்குச் சுக்குக் காப்பி!" என்று கத்திவிட்டு, மகள் என் முன்னங்கையில் ஒரு பொட்டு வைத்து, காய்வதற்காக ஊத ஆரம்பித்தாள்.